பாட வீடியோ நிற்காமல் ஓட வேண்டுமா? பள்ளிக்குள்ளேயே வைத்துக் கொள்ளுங்கள்

இண்டர்நெட்டில் ஒரு வீடியோ பார்க்கிறீர்கள். இரண்டு நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. வீட்டில் என்றால் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம். வகுப்பறையில் 40 பிள்ளைகளை உட்கார வைத்துக் கொண்டு என்ன செய்வது? 40 நிமிட பீரியடில் அந்த வட்டம் 10 நிமிடத்தைத் தின்றுவிட்டால், பாடம் பாதியில் நிற்கும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை ஆசிரியர் வீடியோவே வேண்டாம் என்று கரும்பலகைக்குத் திரும்பிவிடுவார்.

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே இருக்கிறது எங்கள் மேல்பட்டாம்பாக்கம். இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 20 கம்ப்யூட்டர்கள் கொண்ட லேப் இருக்கிறது. அங்கே அறிவியல் எடுக்கும் டீச்சர், பத்தாம் வகுப்புக்கு இதயத்தின் அமைப்பை வீடியோவில் காட்ட ஆசைப்பட்டார். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனிக் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும், புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் பிளே பட்டனை அழுத்தியதும் லேப் முழுக்க வட்டங்கள்தான் சுற்றின. “நெட்டை நம்பிப் பாடம் நடத்த முடியாது சார்” என்றார். அவர் சொன்னது சரிதான். நெட்டை நம்பாமல் அதே வீடியோவைக் காட்டும் வழியைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் புரிந்து கொள்ளலாம். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் அங்கேயும் இதே வழி பயன்படும்.

ஒரே வீடியோ, இருபது முறை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இண்டர்நெட் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள். பைலின் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 40 மெகாபிட் வேகம் என்று கம்பெனி சொன்னால், நொடிக்கு 5 மெகாபைட்தான் வரும்.

நல்ல தெளிவாக உள்ள 720 பிக்செல் உயர வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 2 மெகாபிட் தேவை என்று வைத்துக் கொள்வோம். 15 நிமிடப் பாடம் என்றால் 900 நொடி. 900-ஐ 2-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 225 மெகாபைட். இதை 20 கம்ப்யூட்டர்கள் ஒரே சமயம் பார்த்தால் நொடிக்கு 40 மெகாபிட் தொடர்ந்து வர வேண்டும். இறங்கும் மொத்த டேட்டா 4.5 ஜிகாபைட். அதே பாடத்தை மூன்று பிரிவுகளுக்கும் நடத்தினால் 13.5 ஜிகாபைட்.

வேடிக்கை என்னவென்றால், இந்த 13.5 ஜிகாபைட்டும் ஒரே 225 மெகாபைட் பைல்தான். ஒரே பைலை வெளியூர் சர்வரில் இருந்து 60 முறை இழுத்துக் கொண்டு வருகிறோம். இணைப்பில் சொல்லப்படும் வேகம் எப்போதும் முழுதாகக் கிடைப்பதும் இல்லை. ஆபீசில் ஒருவர் விவரங்களை அப்லோட் செய்து கொண்டிருப்பார், யாராவது ஒருவருடைய விண்டோஸ் அப்டேட் ஓடிக் கொண்டிருக்கும். அப்போது பாடம் நிற்கும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் தண்ணீருக்கு என்ன செய்கிறோம்? காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்பே மோட்டாரைப் போட்டு மேல் தொட்டியை நிரப்பி விடுகிறோம். பிறகு இடைவேளையில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் தண்ணீர் வரும். வீடியோவுக்கும் அதைத்தான் செய்யப் போகிறோம். இரவில் ஒரே முறை இறக்கி, பள்ளிக்குள் ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, பகலில் அங்கிருந்து எல்லோருக்கும் கொடுப்பது.

ஏற்கனவே செய்தவர்கள்

இது புது யோசனை அல்ல. ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாட வீடியோத் திட்டத்துக்கு மத்திய அரசின் நிதி கிடைத்து 2003-ல் பணிகள் தொடங்கின. சென்னை ஐஐடி இதை ஒருங்கிணைக்கிறது. பொறியியல் கல்லூரிகளில் நெட் மெதுவாக இருந்த அந்த நாட்களில், இந்த வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி, கல்லூரியின் உள் நெட்வொர்க்கில் வைத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள்.

நாம் எல்லோரும் பயன்படுத்தும் விஎல்சி பிளேயர் பிறந்த கதையும் இதுதான். 1996-ல் எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள், டிவி நிகழ்ச்சிகளைக் கல்லூரி நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்ப ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் பெயர் வீடியோலேன். அதில் பார்ப்பவர் பக்கம் இருந்த புரோகிராம்தான் ‘வீடியோலேன் கிளையண்ட்’, சுருக்கமாக விஎல்சி. 2001-ல் இது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விடப்பட்டது.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டது. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, பிளஸ் 2 மாணவர்கள் அரசு கொடுத்த லேப்டாப்பைப் பள்ளிக்கு எடுத்து வந்து, பாட வீடியோக்களை இந்த லேப் வழியாக ஏற்றிக் கொண்டு போனார்கள். வீட்டில் நெட் இல்லாத பிள்ளைக்கும் பாடம் கிடைத்தது. வீடியோ பக்கத்தில் இருந்தால் போதும், நெட் எப்படி இருந்தாலும் கவலை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

முதலில் சோதித்துப் பாருங்கள்

வீடியோ தடங்கினால் உடனே நெட்டைத் திட்ட வேண்டாம். கம்ப்யூட்டரே பழையதாக இருந்தாலும் வீடியோ தடங்கும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வீடியோ பைலை அந்தக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் காப்பி செய்து, நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்போதும் தடங்கினால் பிரச்னை கம்ப்யூட்டரில் அல்லது பைலில் உள்ளது. நன்றாக ஓடினால் பிரச்னை நெட்டில் அல்லது நெட்வொர்க்கில் உள்ளது. இந்த ஐந்து நிமிடச் சோதனை, தேவையில்லாமல் புதுச் சாமான் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். நான் சொன்ன லேபில் 20-ல் 17 கம்ப்யூட்டர்கள் இந்தச் சோதனையில் நன்றாகவே ஓட்டின. மீதி மூன்றும் ஏன் திணறின என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் பள்ளியில் ஒரே ஒரு புரொஜெக்டரும் ஒரே கம்ப்யூட்டரும்தான் உள்ளது என்றால் நெட்வொர்க்கே வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரிலேயே வீடியோவைக் காப்பி செய்து வைத்தால் போதும். பல கம்ப்யூட்டர்கள், பல வகுப்பறைகள் என்று வரும்போதுதான் பொது இடம் தேவைப்படுகிறது. அங்கே பென் டிரைவை ஒவ்வொன்றாகச் செருகிக் கொண்டு போனால் வீடியோவோடு வைரசும் பரவும்.

என்னென்ன தேவை?

1. ஒரு கம்ப்யூட்டர். இதுதான் வீடியோக்களை வைத்திருக்கும் சர்வர். சர்வர் என்றதும் பயப்பட வேண்டாம். பைலைப் படித்துக் கொடுப்பது மட்டுமே இதன் வேலை. ஐந்தாறு வருடப் பழைய கம்ப்யூட்டரே போதும்.

2. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். நம் கணக்கில் 15 நிமிட வீடியோ 225 மெகாபைட். அப்படி 4,400 வீடியோக்கள், அதாவது சுமார் 1,100 மணி நேரப் பாடம் இதில் அடங்கும். 6 முதல் 10 வரை ஐந்து வகுப்பு, ஐந்து பாடம், பாடத்துக்கு 40 வீடியோ என்று வைத்தாலும் 225 ஜிகாபைட்தான் ஆகும். டிஸ்க்கை என்டிஎப்எஸ் முறையில் பார்மட் செய்திடவும். பழைய பேட்32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே பைலை வைக்க முடியாது.

3. கிகாபிட் நெட்வொர்க் சுவிட்ச். பல லேப்களில் 100 மெகாபிட் சுவிட்சே இருக்கும். 20 பேர் 2 மெகாபிட் வீடியோ பார்த்தால் 40 மெகாபிட்தானே, அதுவே தாங்கும். ஆனால் 5 மெகாபிட் வீடியோ என்றால் 100-ஐத் தொட்டுவிடும், தடங்கும். சர்வரில் இருந்து வரும் ஒரே கேபிள்தான் எல்லோருக்கும் பொது என்பதை மறக்க வேண்டாம்.

4. கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் உள்ளே உள்ள எட்டு கம்பிகளும் சரியாக இணைந்திருக்க வேண்டும். ஒன்று விட்டுப் போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்பாமன்ஸ் டேபில் ஈதர்நெட் வரைபடத்தைப் பார்த்துக் கொண்டே ஒரு பெரிய பைலைக் காப்பி செய்தால், உண்மையில் எவ்வளவு வேகம் கிடைக்கிறது என்று தெரியும்.

வை-பை போதாதா என்று கேட்கலாம். இரண்டு மூன்று பேருக்குப் போதும். வை-பையில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். 20 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் மறுபடியும் வட்டம் சுற்றும். லேபுக்குக் கேபிள்தான் நல்லது.

செட்டிங் செய்யும் வழி

1. சர்வர் கம்ப்யூட்டருக்கு மாறாத ஐபி எண் கொடுங்கள். எடுத்துக்காட்டாக 192.168.1.10. இந்த எண் வேறு எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகாதபடி ரவுட்டரிலும் ஒதுக்கி வைக்கவும். உங்கள் ரவுட்டர் வேறு வரிசையில் எண் கொடுத்தால் அதற்கேற்ப மாற்றிக் கொள்ளவும்.

2. விண்டோஸில் நெட்வொர்க் வகையைப் ‘பிரைவேட்’ என மாற்றி, பைல் ஷேரிங்கை இயக்கவும்.

3. அந்தக் கம்ப்யூட்டரில் ‘மாணவர்’ என்ற பெயரில் சாதாரண யூசர் அக்கவுண்ட் ஒன்றை பாஸ்வேர்டுடன் உருவாக்கவும். இப்போதைய விண்டோஸ் பதிப்புகள் பாஸ்வேர்ட் இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

4. ‘பாடம்’ என்று ஒரு போல்டர் உருவாக்கவும். அதன் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் செல்லவும். ஷேரிங் டேபில் ஷேர் பட்டனை அழுத்தி, ‘மாணவர்’ பெயரைச் சேர்த்து, உரிமையை ‘ரீட்’ என்று மட்டும் கொடுக்கவும். இதனால் பிள்ளைகள் பார்க்கலாம், அழிக்க முடியாது. இது மிக முக்கியம்.

5. மற்றக் கம்ப்யூட்டர்களில் ‘திஸ் பிசி’ திறந்து ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ என்பதில் கிளிக் செய்திடவும். டிரைவ் எழுத்தாக இசட் தேர்ந்தெடுத்து, \\192.168.1.10\பாடம் என்று டைப் செய்யவும். அடுத்த முறையும் தானாக இணையும்படி டிக் செய்து முடிக்கவும். இனி ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இசட் டிரைவ் என்று தெரியும். பிள்ளைகளுக்கு அது இன்னொரு ஹார்ட் டிஸ்க் போலத்தான்.

6. சர்வர் கம்ப்யூட்டர் தூங்கிப் போகாமல் இருக்க, பவர் செட்டிங்கில் ஸ்லீப் என்பதை ‘நெவர்’ என வைக்கவும்.

ஒரு எல்லையைத் தெரிந்து கொள்ளுங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் 20 பேர்தான் ஷேர் போல்டரில் நுழைய முடியும். 20 கம்ப்யூட்டர் லேபுக்கு இது அளந்து வைத்தது போல் இருக்கும். ஸ்டாப் ரூமில் இருந்து 21-வது ஆள் நுழைந்தால் கதவு மூடிக் கொள்ளும். அதற்கு மேல் தேவை என்றால் சர்வரில் உபுண்டு அல்லது சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் போட்டு, சாம்பா புரோகிராம் மூலம் ஷேர் செய்யலாம். லினக்ஸில் இந்த 20 பேர் எல்லை இல்லை. செலவும் இல்லை.

போல்டர் எதற்கு, வெப்சைட் போலத் தெரிந்தால் நன்றாக இருக்குமே என்பவர்களுக்குக் கோலிப்ரி என்ற இலவச சாப்ட்வேர் இருக்கிறது. இணையம் இல்லாத பள்ளிகளுக்கென்றே உருவானது. சர்வரில் மட்டும் இன்ஸ்டால் செய்தால் போதும். மற்றக் கம்ப்யூட்டர்களில் பிரவுசரிலேயே பாடம் திறக்கும். ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரில் கூட இது ஓடும்.

பைலைத் தயார் செய்யுங்கள்

இப்போது அந்த மூன்று கம்ப்யூட்டர்களுக்கு வருவோம். அவற்றில் ஓட்டிய வீடியோ எச்.265 என்ற புதிய முறையில் சுருக்கப்பட்டது. பைல் சிறியதாக இருக்கும். ஆனால் அதை விரிக்கப் பிராசசருக்கு அதிக வேலை. பழைய கம்ப்யூட்டர் திணறும். அதே வீடியோவை எச்.264 முறைக்கு மாற்றியதும் மூன்றிலும் ஓடியது. புது டீச்சரும் வேண்டாம், புது கம்ப்யூட்டரும் வேண்டாம், பைலை மாற்றினால் போதும் என்று லேபில் எல்லோரும் சிரித்தார்கள்.

மாற்றுவதற்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச புரோகிராம் போதும். வீடியோவை உள்ளே இழுத்துப் போட்டு, ‘பாஸ்ட் 720’ என்ற பிரிசெட்டைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுக்கவும். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தையும் டிக் செய்திடவும். பைல் பற்றிய குறிப்புகள் பைலின் தொடக்கத்திற்கு வந்துவிடும். பிரவுசரில் ஓட்டும்போது கிளிக் செய்தவுடன் தொடங்க இது உதவும்.

அப்படியும் எப்போதாவது ஒரு விநாடி தடங்கினால், விஎல்சியில் டூல்ஸ், பிரிபரன்சஸ் சென்று, கீழே ‘ஆல்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘இன்புட் / கோடெக்ஸ்’ பிரிவில் பைல் கேச்சிங் அளவை 3000 என்று மாற்றவும். மூன்று விநாடிக்கான வீடியோவை முன்கூட்டியே எடுத்து வைத்துக் கொள்ளும்.

பைல் பெயரில் ஒழுங்கு வேண்டும். ‘புதிய வீடியோ 3 பைனல்’ என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. ‘10_அறிவியல்_14_இதயம்’ என்று வகுப்பு, பாடம், பாட எண், தலைப்பு வரிசையில் வைத்தால், பிள்ளைகளே தேடி எடுத்துக் கொள்வார்கள்.

எங்கிருந்து எடுப்பது?

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. கண்ணில் படும் வீடியோவை எல்லாம் டவுன்லோட் செய்து பள்ளி முழுக்கப் பரப்பக் கூடாது. யூடியூப் தன் விதிகளில், தான் டவுன்லோட் பட்டன் கொடுக்காத வீடியோவை இறக்கக் கூடாது என்று சொல்கிறது. அதன் பட்டனில் இறக்கினாலும் அது அந்த ஆப்பிற்குள் மட்டுமே ஓடும். பள்ளி சர்வரில் வைக்க முடியாது.

காப்பி செய்ய அனுமதி உள்ள பாடங்களைத் தேடுங்கள். கோலிப்ரியில் வரும் பாடத் தொகுப்புகள், பகிர அனுமதி கொடுக்கப்பட்டவை. கல்வித் துறை பள்ளிகளுக்குப் பைலாகவே தரும் வீடியோக்களை வைக்கலாம். எல்லாவற்றையும் விட நல்லது, உங்கள் ஆசிரியரே செல்போனில் எடுத்த பாடம். அதில் எந்தத் தடையும் இல்லை. நம் ஊர்த் தமிழில் இருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்த குரலாக இருக்கும்.

டவுன்லோடை இரவில் வையுங்கள். பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் புதிதாக வந்த காலத்தில், சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கு இல்லை. அதற்காகவே அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. இன்று கணக்குப் பார்க்கும் அவசியம் குறைந்துவிட்டது. ஆனாலும் இரவில் லைனில் கூட்டம் இல்லை என்பது உண்மை.

கரண்ட், புயல், பேக்கப்

பழுப்பு நிலக்கரியில் மின்சாரம் தயாரிக்கும் நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அதற்காக எங்களுக்குக் கரண்ட் போகாது என்று அர்த்தம் இல்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயலும் வெள்ளமும் மறுபடி அதை நினைவுபடுத்தின. வெளியே கேபிள் அறுந்தால் நெட் திரும்ப வரும் நாள் நம் கையில் இல்லை. ஆனால் கரண்ட் மட்டும் வந்துவிட்டால் பள்ளிக்குள் இருக்கும் வீடியோ ஓடும்.

எனவே சர்வருக்கும் சுவிட்சுக்கும் ஒரு யுபிஎஸ் போடுங்கள். சுவிட்சை மறந்துவிட்டு சர்வருக்கு மட்டும் போட்டால் பயன் இல்லை. எல்லா வீடியோக்களையும் இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து, தரையில் இல்லாமல் மேல் மாடி பீரோவில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சொல்லிக் கொண்டு கெட்டுப் போவதில்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

பள்ளி வேண்டாம், உங்கள் வீட்டிலேயே இன்று மாலை இதைச் சோதிக்கலாம். ஒரு கம்ப்யூட்டரில் ‘பாடம்’ போல்டரை ஷேர் செய்யுங்கள். அதே வை-பையில் உள்ள செல்போனில் விஎல்சி ஆப்பை நிறுவி, ‘லோக்கல் நெட்வொர்க்’ பகுதியில் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டர் அங்கே தெரியும். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் வீடியோ ஓடும். ஓட ஆரம்பித்த பிறகு ரவுட்டருக்கு வரும் இண்டர்நெட் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். படம் நிற்காது.

அந்தப் பள்ளி லேபில் இப்போது டீச்சர் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றுதான்: “புரியலைன்னா பின்னாடி ஓட்டிப் பாருங்க.” நெட்டில் ஓட்டியபோது பின்னால் இழுத்தால் வட்டம் சுற்றும் என்ற பயத்தில் யாரும் அதைத் தொடவே மாட்டார்கள். இப்போது, வகுப்பில் கை தூக்கிக் கேட்கக் கூச்சப்படும் பையன் கூட, இதயத்தின் வால்வு திறந்து மூடும் இடத்தை ஹெட்போன் மாட்டிக் கொண்டு நான்கு முறை பார்க்கிறான். அவனுக்காகப் பாடம் நிற்பதில்லை. அவன் வேண்டும் இடத்தில் அவனே நிறுத்திக் கொள்கிறான்.